கதைக்கும் கதைக்கும் நடுவே: பழைய திகில் தொகுப்புப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு

கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் இரவு பத்து மணிக்கு மேலும் வீட்டுச் சுவர்களிலிருந்து அனல் வந்துகொண்டே இருக்கும். அந்த நாள்களில் பாயும் தலையணையும் மொட்டை மாடிக்குப் போய்விடும். சென்ற ஆண்டு அப்படி ஓர் இரவில், சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு மாடியில், துணி உலர்த்தும் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் 1945-ஆம் ஆண்டு வெளிவந்த 'டெட் ஆஃப் நைட்' என்ற ஆங்கிலப் படத்தை என் அக்கா மகளுக்கும் அவளுடைய தோழிக்கும் போட்டுக் காட்டினேன். இருவரும் கல்லூரியில் படிப்பவர்கள். திகில் படம் என்றால் தேடிப்போய்ப் பார்ப்பவர்கள். ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட, பல கதைகள் சேர்ந்த ஒரு பழைய திகில் படத்தை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. சிறிது நேரம் ஆனதும் அக்கா மகள், "இன்னா மாமா, எல்லாரும் உக்காந்து பேசினே இருக்காங்க, பேயே வரல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படம் ஓடும்போது அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரே திரைப்படத்துக்குள், தனித்தனி மாந்தர்களும் தனித்தனி முடிவுகளும் கொண்ட மூன்று, நான்கு அல்லது ஐந்து சிறிய கதைகளைச் சேர்த்து வைப்பதே தொகுப்புப் படம். பத்திரிகைகள் இதனை 'ஆந்தாலஜி' என்றே எழுதுகின்றன. நான்கு பேருடைய வாழ்க்கை மாறி மாறி வந்து கடைசியில் ஒரே சம்பவத்தில் சந்திக்கும் படங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை பல இழைகள் கொண்ட ஒரே கதை. தொகுப்பில் ஒரு கதை முடிந்தால் அது முடிந்ததுதான். 2019-இல் வெளிவந்த 'சில்லுக்கருப்பட்டி'யைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது. அதில் நான்கு கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பழைய திகில் தொகுப்புகள் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. அவற்றில் கதை சொல்வதற்கு ஓர் இடம் இருக்கும், சொல்ல ஆள் இருப்பார், கேட்க ஆள் இருப்பார், அவர்கள் அங்கே கூடியதற்கு ஒரு காரணமும் இருக்கும். அந்த இடமும் ஆள்களும் காரணமும் சேர்ந்து தனியாக ஒரு கதையாகும். அதைத் தாய்க்கதை என்றும், அதற்குள் சொல்லப்படுபவற்றைக் கிளைக்கதைகள் என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

தாய்க்கதையும் கிளைக்கதையும் நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. விக்கிரமாதித்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் நள்ளிரவில் சுடுகாட்டு மரத்திலேறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழிநெடுகக் கதை சொல்கிறது. கதையின் முடிவில் கேள்வி கேட்கிறது. அரசன் வாய்திறந்து விடை சொன்னதும் மரத்துக்கே திரும்பிவிடுகிறது. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது என்று இன்றும் நாம் பேச்சில் சொல்வது இதனால்தான். இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேதாளம் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை பயமுறுத்தும் கதைகளே அல்ல. யார் உண்மையான கணவன், யாருடைய தியாகம் பெரியது என்பது போன்ற தர்மச் சிக்கல்களே அவற்றில் மிகுதி. பயம் எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கதைகளைச் சொல்வது ஒரு பிணம் என்பதிலும், அது அரசனின் தோளில் கிடக்கிறது என்பதிலும், இந்த வேலையை அவனுக்குக் கொடுத்தனுப்பிய சாமியார் உண்மையில் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதிலும் இருக்கிறது. அதாவது பயம் முழுவதும் தாய்க்கதையில் தங்கியிருக்கிறது.

பழைய திகில் தொகுப்புப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவரிடம் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: கதைகளை மட்டும் பார்க்காதீர்கள், கதைகளுக்கு நடுவில் நடப்பதைப் பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விரிஞ்சிபுரத்துக்கு அருகே எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில், மின்சாரம் போன இரவுகளில், ஆயா பேய்க்கதை சொல்வார். ஒவ்வொரு கதையும் எங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு நடந்ததாகவே இருக்கும். பாலாற்று மணலில் இரவில் நடந்து வந்தவர், கிணற்றடியில் கொலுசுச் சத்தம் கேட்டவர் என்று ஆளையும் இடத்தையும் சொல்லித்தான் தொடங்குவார். ஒரு கதை முடிந்ததும் சிறிய இரும்பு உரலில் வெற்றிலை பாக்கை இடிக்கத் தொடங்குவார். அந்த டொக் டொக் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. நாங்கள் அப்போதுதான் தெருக்கோடியிலிருந்த புளியமரத்தைத் திரும்பிப் பார்ப்போம். கதை நடக்கும்போது வராத பயம் பாக்கு இடிக்கும்போது வரும். ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்காத அந்த இடைவெளியில், கேட்ட கதை நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணைக்கே வந்துவிடும்.

திகிலுக்கு ஏன் சிறிய கதைகள் பொருந்துகின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். பயம் நீண்ட நேரம் நிற்கும் உணர்ச்சி அல்ல. இரண்டு மணி நேரம் ஒரே பேயைக் காட்டினால் அது பழகிப்போய்விடும். அதன் முன்கதை, பழிவாங்கும் காரணம், அதை விரட்டும் பூசை என்று படம் வேறு எங்கோ போய்விடும். பதினைந்து இருபது நிமிடக் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு விசித்திரம் நடக்கும், அதன் காரணம் பாதி புரியும், மீதி புரியாமலே முடியும். அந்தப் புரியாத மீதியைத் தாய்க்கதை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும். நல்ல தொகுப்பில் ஐந்தாவது கதை, முதல் நான்கின் கணக்கையும் சேர்த்துக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது.

திரைப்படத்தில் இந்த வடிவம் பேசாப்படக் காலத்திலேயே வந்துவிட்டது. 1919-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் எடுத்த படத்தில், பழைய புத்தகக் கடை ஒன்றில் தொங்கும் ஓவியங்களில் உள்ளவர்கள் நள்ளிரவில் இறங்கி வந்து கதைகளைப் படிக்கிறார்கள். 1924-இல் பவுல் லெனி எடுத்த 'வேக்ஸ்வர்க்ஸ்' படத்தில், பொருட்காட்சியிலுள்ள மெழுகுப் பொம்மைகளுக்குக் கதை எழுத ஓர் இளம் எழுத்தாளரை வேலைக்கு வைக்கிறார்கள். அவர் எழுத எழுதக் கதைகள் விரிகின்றன. புத்தகக் கடை, பொம்மைக் கொட்டகை என்று இடம் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்.

ஆனாலும் முதன்முறை பார்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது 'டெட் ஆஃப் நைட்' படத்தைத்தான். நடுச்சாமம் என்று பொருள்படும் இந்தப் படத்தை லண்டனில் இருந்த ஈலிங் ஸ்டூடியோ, மைக்கேல் பால்கனின் தயாரிப்பில், 1945 செப்டம்பரில் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, பிரிட்டனின் தணிக்கை வாரியம் திகில் படங்களை அனுமதிக்காமலே இருந்தது. ஆகவே பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த நாட்டு மக்கள் பார்த்த உள்நாட்டுத் திகில் படம் இது. ஆல்பர்ட்டோ கவல்கான்டி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என்று நான்கு இயக்குநர்கள் கதைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். தாய்க்கதையை இயக்கியவர் டியர்டன். ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான டக்ளஸ் ஸ்லோகோம், பல ஆண்டுகளுக்குப் பிறகு 1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர்.

தாய்க்கதை இவ்வளவுதான். வால்டர் கிரெய்க் என்ற கட்டடக் கலைஞர் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை ஒன்றுக்காகக் கிராமப்புறத்தில் உள்ள ஒரு பண்ணை வீட்டுக்கு வருகிறார். வீட்டையும் அங்கே கூடியிருக்கும் விருந்தினர்களையும் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது. இவர்கள் எல்லாரையும், இதே அறையில், அடிக்கடி வரும் ஒரு கனவில் தான் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். கனவு எப்படித் தொடரும் என்பது அவருக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் வருகிறது. முடிவு நல்லதல்ல என்பது மட்டும் தெரிகிறது. அங்கே இருக்கும் மனநல மருத்துவர் வான் ஸ்ட்ராட்டன் இதை நம்ப மறுத்து, எல்லாவற்றுக்கும் அறிவியல் விளக்கம் தருகிறார். மற்றவர்களோ கிரெய்குக்கு ஆதரவாக, தங்களுக்கு நேர்ந்த விளங்காத அனுபவங்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறார்கள். அக்கா மகள் குறைப்பட்டுக்கொண்ட "உக்காந்து பேசினே இருக்காங்க" என்பது இந்த இடம்தான். திண்ணையில் ஆயாவைச் சுற்றி உட்கார்ந்த எங்களைப் போலத்தான் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றிலைக்குப் பதில் தேநீர்க் கோப்பை.

முதல் கதை கார்ப் பந்தய வீரர் ஒருவருடையது. விபத்துக்குப் பின் மருத்துவமனையில் இருக்கும் அவர், ஓர் இரவில் ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே பகல் வெளிச்சம். கீழே குதிரை பூட்டிய சவ ஊர்தி நிற்கிறது. அதன் ஓட்டி நிமிர்ந்து பார்த்து, உள்ளே இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்று மரியாதையாகச் சொல்கிறான். ஈ.எஃப். பென்சன் 1906-இல் எழுதிய சிறுகதையிலிருந்து வந்தது இது. மிகச் சிறிய கதை, சட்டென்று முடிந்துவிடும். ஆனால் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே நகரப் பேருந்தில் போய் வருகிறவர்களுக்கு, நடத்துநர் வாயிலிருந்து தினமும் கேட்கும் ஒரு சாதாரண வாக்கியம் இந்தக் கதைக்குப் பிறகு சாதாரணமாகக் கேட்காது. பழைய திகில் படத்தின் வலிமை இது: இரத்தமோ அலறலோ இல்லாமல், நம் அன்றாடத்தில் உள்ள ஒரு பொருளையோ சொல்லையோ எடுத்து அதன்மேல் நிழலை விழவைப்பது.

இரண்டாவது கதையில், கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும் பழைய வீடு ஒன்றில் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள். ஒளிய இடம் தேடிப் போகும் பெண், ஓர் அறையில் தனியாக அழுதுகொண்டிருக்கும் சிறுவனைப் பார்த்து ஆறுதல் சொல்கிறாள். சிறுவன் சொல்லும் பெயர் 1860-இல் இங்கிலாந்தில் உண்மையாகவே கொலையுண்ட ஒரு குழந்தையின் பெயர். அந்த வழக்கு அந்நாட்டில் அக்காலத்தில் எல்லாரும் பேசிய வழக்கு. ஆகவே அன்றைய பார்வையாளர் பெயரைக் கேட்டதுமே நடுங்கியிருப்பார். நமக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. பழைய படம் பார்க்கும்போது இப்படிச் சில இடங்களில், அன்றைக்கு இருந்த கூர்மை மழுங்கித்தான் நம்மை வந்தடைகிறது. முன்கூட்டித் தெரிந்துகொண்டு பார்த்தால் இழப்பு குறையும்.

மூன்றாவதாகிய கண்ணாடிக் கதையே என் பார்வையில் இந்தப் படத்தின் உச்சம். ஹேமர் இயக்கியது. ஒரு பெண் தான் மணக்கப்போகும் ஆணுக்குப் பழம்பொருள் கடையிலிருந்து ஒரு நிலைக்கண்ணாடியை வாங்கித் தருகிறாள். அவன் அதன்முன் நின்று டை கட்டும்போது, கண்ணாடிக்குள் தெரியும் அறை அவனுடைய அறை அல்ல. கணப்பில் விறகு எரியும், திரைச்சீலைக் கட்டில் போட்ட வேறொரு பழைய அறை. திரும்பிப் பார்த்தால் தன் அறைதான் இருக்கிறது. பேய் என்று எதுவும் வருவதில்லை, யாரும் துரத்துவதில்லை. ஒரு மனிதன் கண்ணாடியைப் பார்க்கிறான், அவ்வளவே. இருந்தும் கேமரா கண்ணாடியை நோக்கித் திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாடியில் பேச்சு நின்றது. எதைக் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் பார்க்கத் தயங்குகிறோம் என்றால், அங்கே பயம் அதிர்ச்சியிலிருந்து பிறக்கவில்லை, காத்திருப்பிலிருந்து பிறக்கிறது. இன்றைய படங்களில் அமைதிக்குப் பின் திடீரென்று பெருஞ்சத்தம் எழுப்பித் தூக்கிவாரிப்போடச் செய்வார்கள். அது உடம்பின் பயம். சத்தம் அடங்கியதும் அடங்கிவிடும். கண்ணாடிக் கதையின் பயம் மறுநாள் காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி பார்க்கும்போதும் இருக்கும். இப்படங்களின் வேகம் குறைவு என்று சொல்பவர்களுக்கு என் பதில், அந்த மெதுவான நடைதான் இங்கே கருவி என்பது. மெதுவாக நகராத கண்ணாடிக் கதையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

நான்காவது கதையைப் பற்றிப் பலருக்கும் குறை உண்டு. எச்.ஜி. வெல்ஸின் சிறுகதை ஒன்றைத் தழுவிய இது, ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு கோல்ஃப் நண்பர்களைப் பற்றிய நகைச்சுவைப் பேய்க்கதை. தோற்றவர் பேயாக வந்து ஏமாற்றிய நண்பரைத் தொந்தரவு செய்கிறார். கண்ணாடிக் கதையின் பிடி இன்னும் விடாத நிலையில் இந்தச் சிரிப்பு எதற்கு என்று அக்கா மகளின் தோழியும் கேட்டாள். இதற்கு விடை எங்கள் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் இருக்கிறது. விடிய விடிய நடக்கும் கூத்தில் கட்டியக்காரன் யார் யார் வருகிறார்கள் என்று அறிவிப்பான், ராஜாவிடம் குறும்பாகக் கேள்வி கேட்பான், ஒரே நேரத்தில் அரசவையிலும் இருப்பான், நம்மோடும் பேசுவான். பகடை துகில் நடக்கும் இரவில், திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரும் கட்டம் நெருங்கும் முன்பும் கட்டியக்காரனின் கேலிக்கு இடம் இருக்கும். சிரித்து நெகிழ்ந்த மனம்தான் அடுத்து வரும் அடியைத் தாங்காது என்பதைக் கூத்தாடும் வாத்தியார்கள் நன்றாக அறிவார்கள். கோல்ஃப் கதை அந்த வேலையைத்தான் செய்கிறது. கதை என்ற அளவில் அது சுமார்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இருக்கும் இடம் சரியான இடம்.

ஏனென்றால் அதற்கு அடுத்து வருவது பேசும் பொம்மையின் கதை. பொருட்காட்சி மேடைகளில் மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அதைப் பேசவைக்கும் கலைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு கலைஞராக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். பொம்மையின் பெயர் ஹ்யூகோ. பேசுவது யார், பேசவைக்கப்படுவது யார் என்ற கேள்வியை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன். இந்தக் கதையைச் சொல்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். அதுவரை எல்லாவற்றுக்கும் விளக்கம் தந்துகொண்டிருந்த மருத்துவரே இதைச் சொல்கிறார். நம்பாதவர் தன் வாயாலேயே, தனக்கு முழுமையாக விளங்காத ஒன்றைச் சொல்ல வேண்டி வருகிறது. அறையில் இருக்கும் சமநிலை அந்த நேரத்தில் சாய்கிறது. கிளைக்கதையை மட்டும் பார்ப்பவருக்கு இது நல்ல பொம்மைக் கதை. தாய்க்கதையையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, பிடித்திருந்த கடைசிக் கொம்பும் முறிவது தெரியும்.

தாய்க்கதை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு சான்றும் சொல்லலாம். கிரெய்க் தன் கனவிலிருந்து சிறு சிறு செய்திகளை முன்கூட்டியே சொல்கிறார். இன்னும் ஒரு பெண் வருவாள், அவள் கையில் காசு இருக்காது என்பது போன்ற அற்பமான செய்திகள். பேச்சு நடக்கும்போதே, கதைகளுக்கு நடுவே, அவை ஒவ்வொன்றாக மெய்யாகின்றன. வாடகைக் காருக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒரு பெண் உள்ளே வருவதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் அற்பமானது பலித்தால் அற்பமல்லாததும் பலிக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு கதைகளுக்குள் நடப்பதில்லை. இடையில் வரும் சில நிமிடங்களில்தான் நடக்கிறது.

இங்கே நாம் எல்லாரும் செய்யும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப் படங்கள் நமக்கு இடைவேளையைப் பழக்கிவிட்டன. தொகுப்புப் படத்தில் ஒரு கதை முடிந்ததும், இடைவேளை வந்துவிட்டது போலக் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது, யாரோ தண்ணீர் எடுத்துவர எழுகிறார்கள், ஒருவர் கொட்டாவி விட்டுப் பேச்சைத் தொடங்குகிறார். எங்கள் மாடியிலும் முதல் இரண்டு கதைகளின் முடிவில் இதுதான் நடந்தது. எழக் கூடாத நேரம் அதுதான். எழுந்தே ஆக வேண்டும் என்றால் கோல்ஃப் கதையின் நடுவில் எழுந்து போய் வாருங்கள், பெரிய இழப்பில்லை; ஆனால் பண்ணை வீட்டு அறைக்குப் படம் திரும்பும் அந்தச் சில நிமிடங்களை ஒருபோதும் விடாதீர்கள். 103 நிமிடப் படம் இது. இடைவேளையே இல்லாமல் ஒரே அமர்வில் பார்க்கக்கூடிய நீளம்தான்.

பழைய படம் என்பதால் வரும் சில சிறு சிரமங்களும் உண்டு. அக்கால ஒலிப்பதிவில் பேச்சு சற்று மூக்கால் ஒலிப்பது போல இருக்கும், பிரிட்டிஷ் உச்சரிப்பும் வேகமாக இருக்கும். ஆகவே ஆங்கில வசன வரிகளை ஓடவிட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வெளிச்சம் உள்ள அறையில் கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும், அதோடு பாதிப் படம் போய்விடும், விளக்கை அணைத்துவிடுங்கள். எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இது சிறு விஷயம் அல்ல. தொகுப்புப் படத்தில் கதைகள் தனித்தனியாக இருப்பதால், விநியோகிப்பவர்கள் நினைத்ததைக் கழற்றிவிடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். 'டெட் ஆஃப் நைட்' அமெரிக்காவில் வெளியானபோது கிறிஸ்துமஸ் கதையையும் கோல்ஃப் கதையையும் வெட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சிகளில் எல்லாக் கதைகளின் சாயலும் கலந்து வருவதால், வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்தவர்களுக்கு அங்கே வரும் சில முகங்கள் எங்கிருந்து வந்தன என்றே புரிந்திருக்காது. சத்யஜித் ரே, தாகூரின் நூற்றாண்டான 1961-இல், அவருடைய மூன்று கதைகளைச் சேர்த்து 'தீன் கன்யா' எடுத்தார். வெளிநாடுகளுக்கு அது இரண்டு கதைகளோடுதான் போனது, விடுபட்டது 'மணிஹாரா' என்ற பேய்க்கதை. 1963-இல் மாரியோ பாவா எடுத்த 'பிளாக் சப்பாத்' படத்தில் மூன்று கதைகளின் வரிசையையே அமெரிக்கப் பிரதியில் மாற்றிவிட்டார்கள். பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் படுகளத்தை முதல் நாள் வைத்துவிட்டுப் பகடை துகிலைக் கடைசியில் ஆடினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இதன் கொடுமை நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

இந்த ஒரு படம் பிடித்துவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது என்பதில் என் தேர்வுகள் மூன்று. முதலாவது, 1965-இல் வந்த 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்'. இரவு ரயில் பெட்டியில் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு ஆறாவதாக ஒருவர் ஏறி, சீட்டுக்கட்டை வைத்து ஒவ்வொருவருக்கும் எதிர்காலம் சொல்கிறார். அந்த ஆறாவது மனிதராக பீட்டர் குஷிங் நடித்திருக்கிறார். கிளைக்கதைகள் ஏற்றத்தாழ்வானவை, சில சிறுபிள்ளைத்தனமாகக்கூட இருக்கும். ஆனால் நள்ளிரவில் காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறி, எதிர் இருக்கையில் தூங்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு பயணம் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பெட்டி போதும். எழுதித் தயாரித்த மில்டன் சுபோட்ஸ்கி, 'டெட் ஆஃப் நைட்' படத்தை முன்மாதிரியாகக் கொண்டவர். அவருடைய அமிக்கஸ் நிறுவனம் 1970-களின் நடுப்பகுதி வரை இதே வடிவில் பல படங்களை எடுத்தது.

இரண்டாவது, மேலே சொன்ன 'மணிஹாரா'. அது தனியாகவே ஒரு தாய்க்கதையும் ஒரு கிளைக்கதையும் கொண்டது. ஆற்றங்கரைப் படித்துறையில் பள்ளி ஆசிரியர் ஒருவர், போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அருகிலுள்ள பாழடைந்த மாளிகையின் கதையைச் சொல்கிறார். நகையின்மேல் தீராத ஆசை கொண்ட ஒரு மனைவியின் கதை அது. கேட்டுக்கொண்டிருப்பவரை அவ்வப்போது கவனியுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷியின் 'க்வைதான்'. 1965-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. லாஃப்காடியோ ஹெர்ன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளிலிருந்து நான்கு, மூன்று மணி நேரம், வண்ணப்படம். வானத்தையே திரையில் வரைந்து ஸ்டூடியோவுக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதில் தாய்க்கதை கிடையாது. அதனாலேயே இதைக் கடைசியில் வைத்தேன். மற்ற இரண்டையும் பார்த்த பிறகு பார்த்தால், கதைகளுக்கு நடுவே யாரும் இல்லாத அந்த இடத்தில், கேட்பவராக நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதை உணர்வீர்கள்.

'டெட் ஆஃப் நைட்' படத்தின் முடிவை நான் இங்கே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அன்று இரவு படம் முடிந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ரங்காபுரம் பக்கமிருந்து நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. வேட்டித் திரை வெறும் வெளிச்சமாக நின்றது. நான் புரொஜெக்டரை அணைக்கக் கையை நீட்டினேன். "இரு மாமா, அணைக்காத. மொதல் அஞ்சு நிமிஷம் மட்டும் திருப்பிப் போடு" என்றாள் அக்கா மகள். போட்டேன். கிரெய்க் காரில் வருகிறார், நிறுத்துகிறார், அந்த வீட்டைப் பார்க்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அதே காட்சியின்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி, இப்போது பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.